மூன்று வாரமும் மூன்று நாளும்

1950களின் இறுதி. காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அவர் முன்னால் பேசும் வாய்ப்பு இளையான்குடியிலிருந்து படிக்க வந்த அலெக்சாண்டர் என்ற மாணவருக்குக் கிடைத்தது. பாராட்டிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. ஊரில் ஒருவன் ஒரு பெண்ணிடம் நின்று பேசினாலே தெருவெல்லாம் கண் முளைத்துவிடுகிறது. சினிமாவிலோ டூயட் மேல் டூயட் பாடித் திரிகிறார்கள், ஊரில் ஒருவருக்கும் தெரிவதில்லையே என்கிற தொனியில் தமிழ் சினிமாவை அவர் எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே கிண்டலடித்தார். மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை. சிறந்த விமர்சகராக வரக்கூடியவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாணவர்தான் பின்னாளில் இயக்குநர் மகேந்திரன். ‘துக்ளக்’ இதழில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்ற தலைப்பில் மற்றவர்களின் படங்களை அறுத்துப் பார்த்தவர், 1978 ஆகஸ்ட் 15 அன்று தன் முதல் படத்தோடு அதே மேசையில் வந்து படுத்தார். ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு முதல் இரண்டு வாரம் கூட்டமில்லை. வசனம் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தயாரிப்பாளர் வேணு செட்டியார் முன்பே மனம் சோர்ந்திருந்தார். மகேந்திரனும் ரஜினிகாந்தும் விளம்பரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டும் அவர் அசையவில்லை. ஆனால் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். மூன்றாம் வாரம் தாண்டியதும் வரிசை நீண்டது. படம் நூறு நாள் கண்டது.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2024 இறுதியில், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வரக் கூடாது என்பது கோரிக்கை. மூன்று வாரம் காத்திருந்து ரசிகர்களின் பேச்சால் பிழைத்த தொழில், மூன்று நாள் அந்தப் பேச்சே வேண்டாம் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. படம் பார்த்தவர் அபிப்பிராயம் சொல்வது புதிதல்ல. அது படத்தை வந்தடைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் மாறியிருக்கிறது. அந்த நேரத்தைச் சுருக்கியது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொட்டகையும் திண்ணையும்

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று எழுதினார் ஈழத்து ஆய்வாளர் கா. சிவத்தம்பி. இருக்கை சாதியைப் பொறுத்து அமையவில்லை, கையிலிருக்கும் காசைப் பொறுத்து அமைந்தது என்பது அவர் வாதம். இதற்கு ஒரு கிளை விளைவும் உண்டு. தரை டிக்கெட்காரரும் நாற்காலிக்காரரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். சங்கீதத்தையோ இலக்கியத்தையோ பற்றிக் கருத்துச் சொல்ல ஏதாவது ஒரு தகுதி கேட்கப்பட்ட சமூகத்தில், சினிமாவைப் பற்றிச் சொல்ல டிக்கெட் வாங்கியிருந்தால் போதும்.

அந்தக் காலத்தில் பார்த்தவரின் கருத்து தனியாக வராது, கதையோடு சேர்ந்தே வரும். டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்பியவர் திண்ணையில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து சொல்வார். வசனம் சொல்வார், சண்டையைக் கையால் காட்டுவார், பாட்டுக்குக் காலணா பாட்டுப் புத்தகம் இருக்கும். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் படம். கதையைச் சொல்லிவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கதை தெரிந்த பிறகு நடிப்பைப் பார்க்கப் போகிறோம் என்பது கூத்துப் பார்த்துப் பழகிய மனம்.

இன்னொரு வசதியும் இருந்தது. சொல்கிறவரைக் கேட்கிறவருக்குத் தெரியும். சிவாஜி ரசிகர் எம்.ஜி.ஆர். படத்தை மட்டம் தட்டினால் அதில் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பது டீக்கடை முழுவதற்கும் தெரிந்த கணக்கு. அழுகைப் படம் என்றாலே உருகிவிடும் அத்தை ‘ரொம்ப நல்லாருக்கு’ என்றால் ஒரு பொருள்; எதற்கும் லேசில் மசியாத கணக்கு வாத்தியார் அதையே சொன்னால் வேறு பொருள். அபிப்பிராயத்தோடு ஆளும் சேர்ந்து வந்தார்.

படமும் மெதுவாகவே நகர்ந்தது. பிரிண்ட்கள் குறைவு. முதலில் நகரங்கள், அப்புறம் தாலுகா ஊர்கள், கடைசியாக டூரிங் டாக்கீஸ் என்று மாதக்கணக்கில் இறங்கி வரும். இரண்டு தியேட்டருக்கு ஒரே பெட்டி என்றால், இங்கே ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் அங்கே போகும். கிராமத்துக் கொட்டகைக்குப் படம் வருவதற்குள் தீர்ப்பு எப்போதோ வந்திருக்கும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் பிரித்ததே ஒரு சென்டரின் பேச்சு அடுத்த சென்டரின் விலையைத் தீர்மானித்ததால்தான்.

எழுத்தில் வந்த விமர்சனமும் இந்த வேகத்துக்கு ஒத்தே இருந்தது. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆடல் பாடல்களைப் பற்றி எழுதிய கல்கி, 1930களிலேயே சினிமாவையும் விட்டுவைக்கவில்லை. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து எடுக்கப்பட்டது என்று நாடே பேசிய ‘நந்தனார்’ 1935-ல் வந்தபோது, அதில் மரமும் எருமையும் மனிதர்களைவிட நன்றாக நடித்திருப்பதாக அவர் கேலி செய்ததைத் திரைப்பட வரலாற்றாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பின்னால் அதே விகடன் மதிப்பெண் போடத் தொடங்கியது. கைநிறையப் போடும் வழக்கம் அதற்கு இல்லை. நாற்பதைத் தாண்டினாலே தேறிய படம் என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1977-ல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 இன்றும் ஒரு சாதனையாகப் பேசப்படுகிறது. பத்திரிகை வாரம் ஒரு முறை வந்தது. படமும் அதுவரை தியேட்டரில் இருந்தது.

ஒரு தடவை பார்க்கலாம்

தமிழ் ரசிகர் பேசும் விமர்சன மொழிக்கென்று ஓர் அகராதி போடலாம். ஓடாத படம் ‘ஊத்திக்கிச்சு’, ‘பெட்டிக்குள்ள போயிருச்சு’, தியேட்டரில் ‘ஈ ஓட்டுறான்’. ஓடுகிற படம் ‘பிச்சுக்கிட்டுப் போகுது’. எழுபது, எண்பதுகளில் ‘அறுவை’ என்றதைப் பிற்பாடு ‘மொக்கை’ என்றார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு ‘கிரிஞ்ச்’ என்ற சொல்லும் தேவைப்படுகிறது. ஒரு படத்தை ஆளாளுக்குத் திட்டுவது ‘கழுவி ஊத்துறது’. இந்தச் சொற்களில் ஒன்றுகூட நடுநிலையானது இல்லை. எல்லாமே கொட்டகை வாசலில் நின்று சொல்லும் சொற்கள்.

இதில் மிக நுட்பமானது ‘ஒரு தடவை பார்க்கலாம்’. வெளியூர்க்காரர் கேட்டால் பாராட்டு என்று நினைப்பார். தமிழ் ரசிகருக்குத் தெரியும், அது பாஸ் மார்க் மட்டுமே. நல்ல படத்தை நாலு தடவை பார்ப்பது வழக்கமாக இருந்த ஊரில், ஒரு தடவை என்பது குறைத்துச் சொல்வது. அதேபோல ‘முதல் பாதி ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்’ என்ற தீர்ப்பு இடைவேளை இருக்கும் நாட்டில்தான் பிறக்க முடியும். முறுக்கும் டீயும் வாங்க வெளியே வரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசி ஒரு பாதித் தீர்ப்பு உருவாகிவிடுகிறது. அடுத்த பாதி அதை உறுதி செய்ய வேண்டும், இல்லை மாற்ற வேண்டும்.

‘ஃபேமிலியோட போகலாமா?’ என்பது இன்னொரு கேள்வி. கலையைப் பற்றி அது கேட்கவில்லை. மகளையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூசாமல் பார்க்க முடியுமா, நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று போகும் பணத்துக்கு ஈடாகுமா என்று கேட்கிறது. சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸ் டிக்கெட் இருநூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது, முன்பே பார்த்தவரின் சொல் ஒரு காப்பீடு. புடவையைத் தடவிப் பார்த்து வாங்கலாம், மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். படத்தைப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று தெரியும். அதற்குள் பணம் போயிருக்கும்.

வாய்ப்பேச்சை அளந்தவர்கள்

இந்த வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு வலு என்று பொருளியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். என்ரிகோ மொரெட்டி 2011-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கப் படங்களை எடுத்துக்கொண்டது. ஒரு படத்துக்கு எத்தனை திரைகள் ஒதுக்கப்படுகின்றன என்பதே தியேட்டர்காரர்களின் எதிர்பார்ப்பைக் காட்டிவிடும். அந்த எதிர்பார்ப்பைவிட முதல் வார இறுதியில் அதிகம் வசூலித்த படங்கள் அடுத்தடுத்த வாரங்களில் மெதுவாகச் சரிந்தன. எதிர்பார்ப்புக்குக் கீழே போனவை வேகமாகச் சரிந்தன. ஆரம்ப வித்தியாசத்தை மக்களின் பேச்சு ஊதிப் பெரிதாக்குகிறது என்பது அவர் முடிவு. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் படங்களில் இந்த விளைவு குறைவு என்றும் கண்டார். என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்த படத்துக்கு அடுத்தவர் சொல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. உச்ச நட்சத்திரத்தின் படத்துக்கு முதல் மூன்று நாள் அரங்கு நிறைவதும், புது இயக்குநரின் படம் திங்கட்கிழமைக்காக ஏங்கிக் கிடப்பதும் இந்தக் கணக்குக்குப் பொருந்தி வருகின்றன.

யோங் லியூ 2006-ல் யாஹூ தளத்தில் ரசிகர்கள் எழுதிய கருத்துகளை ஆராய்ந்தார். வசூலோடு ஒட்டி நின்றது கருத்துகளின் எண்ணிக்கை. அவை புகழ்ந்தனவா இகழ்ந்தனவா என்பதற்கு அந்த அளவு தொடர்பு இல்லை. படத்தைப் பற்றி யாரும் பேசாததுதான் படத்துக்கு ஆபத்து. ஆனால் தொழில்முறை விமர்சகர்களைப் பற்றி 2003-ல் வந்த பாசுராய், சாட்டர்ஜி, ரவிட் ஆகியோரின் ஆய்வு வேறு ஒன்றைச் சொல்கிறது. முதல் வாரத்தில் நல்ல விமர்சனம் தூக்கிவிடுவதைவிட மோசமான விமர்சனம் அதிகமாக இழுத்துத் தள்ளுகிறது. தமிழ்த் தயாரிப்பாளர்களின் அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

படம் முடிந்ததும் ரசிகரிடம் கேட்பதை ஒரு தொழிலாகவே நடத்துகிறவர்களும் உண்டு. 1978-ல் ‘தி சீப் டிடெக்டிவ்’ என்ற படத்தைப் பார்த்து ஏமாந்த எட் மின்ட்ஸ் என்ற அமெரிக்கர், விமர்சகர்களை விட்டுவிட்டு டிக்கெட் வாங்கியவர்களிடமே கேட்டால் என்ன என்று யோசித்ததில் சினிமாஸ்கோர் நிறுவனம் பிறந்தது. வெளியாகும் நாளன்று தேர்ந்தெடுத்த தியேட்டர்களில் சீட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடம்போல ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் வாங்குகிறார்கள். அங்கே பேச்சில் கூச்சம் உள்ளவரும் சீட்டில் தன் கருத்தைப் பதிந்துவிட்டுப் போகலாம்.

சென்னை தியேட்டர் வாசலில் அதே வேலையை மைக் செய்கிறது.

வாசலில் நீளும் மைக்

முதல் நாள் முதல் காட்சி முடிகிறது. வாசலில் பத்து யூடியூப் சேனல்கள். வெளியே வருகிறவர் முகத்துக்கு நேரே மைக் நீள்கிறது. ‘பப்ளிக் ரிவ்யூ’ என்று பெயர். ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருப்பது பொதுமக்களில் ஒரு சிறு துண்டு. முதல் காட்சிக்கு வருகிறவர் பெரும்பாலும் தீவிர ரசிகர், இல்லை எதிர் முகாம். மைக் முன்னால் நிற்கிறவர் கேமராவுக்குக் கூச்சப்படாதவர். அவர் சொன்னதில் ஒளிபரப்பாவது எது என்றால், ‘வெறித்தனம்’, ‘தாறுமாறு’, ‘தலைவலி, மாத்திரை வாங்கப் போறேன்’ ஆகியவைதான். ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று அமைதியாகச் சொன்னவரின் பதினைந்து விநாடி எடிட்டில் போய்விடுகிறது. டீக்கடைக் கணக்கில் இருந்த தள்ளுபடிக்கும் இங்கே வழியில்லை. பேசுகிறவர் யாரென்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

காலக்கணக்கும் தலைகீழாகிவிட்டது. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் ஒரே நாளில் வந்தபோது நள்ளிரவுக்குப் பிறகே காட்சிகள் தொடங்கின. ‘துணிவு’ கொண்டாட்டத்தில் லாரி மீதிருந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றுபோனது. பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். கேரளத்திலோ அதே ஆண்டு ‘லியோ’ விடியற்காலை நான்கு மணிக்கே ஓடியது. மதுரைக்காரர் பல் துலக்கும்போதே ஒரு தமிழ்ப் படத்தின் முதல் தீர்ப்பு பாலக்காட்டிலிருந்து வந்து கைபேசியில் காத்திருந்தது.

இந்தச் சூழலில்தான் 2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வந்தது. அன்றைக்கே பேச்சு ஒரே புள்ளியில் குவிந்தது. காது கிழிகிறது என்றார்கள். ஒலியமைப்புக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியே படத்தின் இரைச்சலைப் பற்றிப் பொதுவெளியில் வருத்தப்பட்டார். படத்தின் நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா, முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இவ்வளவு கடுமை ஏன் என்றும் கேட்டார். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தியேட்டர்களில் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். சில நாட்களில் படத்திலிருந்து 12 நிமிடம் வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ‘இந்தியன் 2’ படத்திலும் வெளியீட்டுக்குப் பிறகு 12 நிமிடம் வெட்டியிருந்தார்கள்.

அதே நவம்பரில்தான் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்கள் இந்த விமர்சனங்களால் பாதிக்கப்பட்டன என்றது. அடுத்து நீதிமன்றம். டிசம்பர் தொடக்கத்தில் மனுவை விசாரித்த நீதிபதி எஸ். சௌந்தர், விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று கூறி இடைக்காலத் தடை விதிக்க மறுத்து, அரசுகளுக்கும் யூடியூபுக்கும் நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார். கேரள உயர் நீதிமன்றத்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அங்கே நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2024-ல் கொடுத்த அறிக்கை, முதல் 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்றது.

தயாரிப்பாளர்களின் குறையில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. படத்தைப் பார்க்காமலே திட்டும் கூட்டம் உண்டு. ஒரு நடிகரின் ரசிகர்கள் இன்னொருவரின் படத்தை வீழ்த்த ஹேஷ்டேக் ஓட்டுவதும் கண்கூடு. இந்தச் சிக்கல் எல்லா நாட்டிலும் இருக்கிறது. 2019-ல் ‘கேப்டன் மார்வெல்’ வெளிவருவதற்கு முன்பே அதன் மீது வசை குவிந்தபோது, ராட்டன் டொமேட்டோஸ் தளம் வெளியீட்டுக்கு முன் ரசிகர்கள் கருத்துப் பதியும் வசதியை நிறுத்தியது. டிக்கெட் வாங்கியது உறுதியான ரசிகரின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டவும் தொடங்கியது. வாயை அடைக்காமல், பேசுகிறவர் படத்தைப் பார்த்தவர்தானா என்று கேட்கும் வழி அது.

ஆனால் மூன்று வாரத்தை மூன்று நாளாக்கியது மைக் பிடித்தவர் இல்லை. 2000க்குப் பிறகு டிஜிட்டல் புரொஜக்‌ஷன் வந்ததும் பிரிண்ட் செலவு என்ற தடை போனது. சென்னை மால் முதல் சிற்றூர்த் தியேட்டர் வரை ஒரே காலையில் படம் இறங்கியது. எல்லாத் திரையையும் பிடி, வெள்ளி சனி ஞாயிறில் எடு, நாலு வாரத்தில் ஓடிடிக்குக் கொடு என்ற வியாபாரத்தைத் தேர்ந்தெடுத்தது தொழில்தான். தீர்ப்பு ஊர் ஊராகப் போய்ச் சேரும் வரை இருந்த காலத்தை விற்றுத்தான் முதல் நாள் வசூல் போஸ்டர் அடிக்கப்படுகிறது. படம் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போனால் பேச்சும் ஒரே நாளில் எல்லா ஊரிலிருந்தும் வரத்தான் செய்யும்.

ஒரு பகல் காட்சி

பேச்சினால் செத்த படங்களைச் சொல்கிறவர்கள் பேச்சினால் பிழைத்த படங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாலாவின் ‘சேது’ வாங்க ஆளில்லாமல் நெடுநாள் பெட்டியில் கிடந்தது. 1999 டிசம்பரில் சென்னைப் புறநகரில் ஒரு தியேட்டரில் பகல் காட்சி மட்டும் கிடைத்தது. பார்த்தவர்கள் பேசினார்கள். காட்சிகள் கூடின, தியேட்டர்கள் கூடின, நூறு நாள் தாண்டியது. விக்ரம் என்ற நடிகரின் பத்தாண்டுக் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடியது. இங்கே யாருக்கும் தெரிந்த நட்சத்திரம் அதில் இல்லை. கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதையில், 1991-ல் வந்த ‘குணா’ பாடல் ஒலிக்கும் இடத்தில் தியேட்டரே எழுந்து நிற்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. ‘என்ன படம் அது?’ என்று கேட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று வர்த்தக வட்டாரங்கள் கணக்கிட்டன. எழுத்தாளர் ஜெயமோகன் அந்த இளைஞர்களின் குடியையும் நடத்தையையும் கடிந்து எழுதியபோது அதுவே இரு மாநில விவாதமானது. படம் ஓய்ந்துபோகவில்லை, லியூ கண்டதுபோல, பேச்சு இருந்தவரை கூட்டமும் இருந்தது. 1991 தீபாவளியில் ‘தளபதி’யோடு வந்து பின்தங்கிய ‘குணா’வுக்கும் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து ஒரு புது வாசல் திறந்தது.

2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானது. இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். ‘ஃபேமிலியோட போகலாமா?’ என்ற பழைய கேள்விக்கு ஒரே குரலில் ‘போகலாம்’ என்று பதில் வந்தது. நாட்கள் போகப் போகக் காட்சிகள் கூடின. வாசலில் மைக் நீட்டியவர்கள் இதே ஆட்கள்தான். பேச்சு தாமதமாக வந்த படமும் உண்டு. கமல்ஹாசனின் ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலில் தோற்று, பின்னர் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் பேச்சால் மேலேறி வந்தது. தயாரிப்பாளருக்கு அதனால் பயனில்லை என்பதும் உண்மை.

ஆகவே விமர்சனத்தை மூன்று நாள் நிறுத்தினாலும் படத்துக்கு மூன்று வாரம் கிடைக்கப்போவதில்லை. அதைத் தரக்கூடியவர்கள் தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும்தான். முதல் மூன்று நாள் கூட்டம் குறைந்த சிறு படத்தைத் திங்கட்கிழமை தூக்கிவிடாமல், இரண்டாவது வாரமும் ஊருக்கு ஒரு திரையில் ஒரு காட்சியாவது வைத்திருங்கள். ‘சேது’ கேட்டதும் ஒரு பகல் காட்சிதான்.